டெனர் சாக்ஸபோன்: ஹார்ட் ரப்பர் மவுத்பீஸைச் சோதிக்கும்போது எதை நம்புவது?

#1 · மாலைப்பயிற்சி

வணக்கம். பல வருடங்களாக டெனரில் ஓட்டோ லிங்க் என்ற தயாரிப்பாளரின் மெட்டல் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி), 7 நம்பர் வைத்துத்தான் ஊதி வருகிறேன். இப்போது எங்கள் குழுவில் இருக்கும் இன்னொரு டெனர்காரர் தன்னிடமிருந்த ஹார்ட் ரப்பர் மவுத்பீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, "ஆற அமர ஊதிப் பார். பிடித்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் திருப்பிக் கொடு" என்று சொல்லியிருக்கிறார். பழைய ஹார்ட் ரப்பர் லிங்க் பாணியில், எபோனைட் (அதே ஹார்ட் ரப்பர்தான்) தண்டிலிருந்து கடைந்து எடுத்தது. டிப், அதாவது மவுத்பீஸின் நுனிக்கும் ரீட் என்ற நாணல் தகட்டின் நுனிக்கும் இடையிலுள்ள திறப்பு, 7*. பெரிய வட்டச் சேம்பர் (உள்ளறை), நுனியை ஒட்டி லேசாக உருண்டு இறங்கும் பேஃபிள் (ரீடுக்கு எதிரே உள்ள உள்சரிவு). செய்தவர் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

ஊதியவுடன் தோன்றியதைச் சொல்கிறேன். கீழ் டி-யிலிருந்து பி ஃபிளாட் வரை அகலமாக, கனமாக வருகிறது. மெட்டலில் இவ்வளவு சுலபமாக எனக்கு அது வந்ததில்லை. நடு ஸ்தாயி என் காதுக்குக் கொஞ்சம் மூடிய மாதிரி இருக்கிறது. பாம் கீ (உள்ளங்கையால் அழுத்தும் கீ) சுரங்கள், அதாவது மிக மேலே உள்ளவை, மெலிந்து போகின்றன. சுருதி இறங்கியே நிற்கிறது; நெக் என்ற கழுத்துக் குழாயின் கார்க்கில் வழக்கமாக நிறுத்தும் இடத்தைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ளினால்தான் ட்யூனர் ஒத்துக்கொள்கிறது. வழக்கமான 3 நம்பர் ரீடில் ஏதோ அடைத்த உணர்வு வேறு.

இதில் எவ்வளவு மவுத்பீஸின் குணம், எவ்வளவு என் வாயின் பழக்கம்? வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா என்று முடிவெடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#2 · ரீட்பெட்டி

முதலில் ரீடை மாற்றுங்கள். மெட்டல் லிங்கில் ஊதிப் பழகிய அதே ரீடை இதில் வைத்திருந்தால், உங்கள் அனுபவத்தில் பாதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஊற ஊற ரீட் தான் உட்காரும் டேபிளுக்கும் அந்த ஃபேசிங்கின் (டேபிளிலிருந்து நுனிவரை வளைந்து விலகும் பகுதி) வளைவுக்கும் படிந்துவிடும், செருப்பு கால் வாகுக்குப் படிகிற மாதிரி. இன்னொரு மவுத்பீஸில் வைத்தால் ஓரம் சரியாக மூடாது, காற்று கசியும். அதைத்தான் பலர் "இந்த மவுத்பீஸ் அடைக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

புது ரீட் எடுங்கள். உங்கள் வழக்கமான தடிமனில் ஒன்று, அதற்கு அரை நம்பர் கீழே ஒன்று. டிப் பெரிதாகும்போது ரீட் கூடுதல் தூரம் வளைந்து மூட வேண்டியிருக்கும், அதனால் மெலிந்த ரீட் ஒத்துவரும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஃபேசிங் நீளமாக இருந்தால் அதே டிப்புக்குத் தடித்த ரீட்கூட லேசாகப் பேசும். அதனால் 7-க்கும் 7*-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்து ரீடை முடிவுசெய்ய முடியாது.

இன்னொரு விஷயம், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தாலும் ரீடுக்கு ரீட் வேறுபடும். நாணல்தானே, ஒரே தோட்டத்தில் வெட்டினாலும் ஒன்றுபோல இருக்காது. ஒரு ரீடை வைத்து மவுத்பீஸைத் தீர்ப்பு செய்யாதீர்கள். கையில் செயற்கை ரீட் இருந்தால் ஒப்பிட வசதி. ஈரம் காய்வது, நுனி நெளிவது இரண்டும் அதில் இல்லை.

#3 · பித்தளைவளைவு

எனக்கு இதில் பெரிய புதிர் தெரியவில்லை. ரப்பர் என்றால் இதமான, இருண்ட நாதம். மெட்டல் என்றால் வெளிச்சம், வெட்டு. நீங்கள் மெட்டல் வெளிச்சத்துக்குப் பழகிய ஆள், அதனால் ரப்பர் மூடியதுபோலத் தெரிகிறது. மெதுவான பாடல்களுக்கு ரப்பரை வைத்துக்கொள்ளுங்கள், டிரம்ஸும் கிட்டாரும் முழங்கும் இடத்துக்கு மெட்டலை எடுத்துப் போங்கள். நான் மேடையில் அப்படித்தான் செய்கிறேன்.

#4 · காற்றுத்தூண்

பித்தளைவளைவு சார், உங்கள் மேடை அனுபவத்தை மதிக்கிறேன். காரணத்தில்தான் உடன்பாடில்லை.

ஜாஸ் டெனர் மேதை கோல்ட்ரேன் ஊதியது மெட்டல் ஓட்டோ லிங்க். இன்னொரு ஜாஸ் டெனர்காரர் மைக்கேல் பிரெக்கர் பிற்காலத்தில் ஊதியது குவார்டாலா மவுத்பீஸ், அதுவும் மெட்டல்தான். இரண்டும் ஒரே ரகமான நாதமா? குவார்டாலாவில் நுனியை ஒட்டி உயர்ந்த பேஃபிள், அதன் பின்னால் படிபோல இறங்கும் அமைப்பு. லிங்கில் தாழ்ந்த பேஃபிள், அகன்ற சேம்பர். வெளிச்சம் அந்த உள்வடிவத்திலிருந்து வருகிறது. பேஃபிள் உயர்ந்தால் ரீடின் அடியில் காற்று ஓடும் இடம் குறுகும், மேல் ஓவர்டோன்கள் (ஒரு சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) எழும்பும். ஹார்ட் ரப்பரிலும் உயர்ந்த பேஃபிள் வைத்துச் செய்கிறார்கள், அதை ஊதினால் கண்ணாடி அதிரும். பெர்க் லார்சன் நிறுவனம் எபோனைட்டிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒரே எண் முறையில் மவுத்பீஸ் போடுகிறது. 110/2 என்றால் டிப் 0.110 அங்குலம், சேம்பர் 2. அந்த இரண்டாவது எண் 0 என்றால் மிக வெளிச்சம், 3 என்றால் மிக இருட்டு. வெளிச்சத்தின் அளவுகோல் உலோகமா ரப்பரா என்பதில் இல்லை, அந்த எண்ணில் இருக்கிறது.

பொருளுக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஊதுகிறவருக்கு அது பல வழியில் தெரியும். ரப்பரை மெட்டலைப் போல ஒல்லியாகக் கடைந்தால் உடைந்துவிடும், அதனால் அலகு, அதாவது வாயில் வைக்கும் முனை, தடிமனாக இருக்கும். வாய் கூடுதலாகத் திறக்கும், தாடை இறங்கும், தொண்டையின் நிலையும் அதோடு மாறும். மேல்பல் வழியாக எலும்புக்கு ஏறும் அதிர்வும் மாறும். குளிரில் எடுத்தவுடன் ரப்பர் உதட்டைச் சில்லிட வைக்காது. இவை எல்லாம் நிஜம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் காதுக்குப் போய்ச் சேர்வதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்றின் வடிவமும் ரீடும்தான்.

இந்தப் பொருள் எப்படி மவுத்பீஸுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கியபோது மவுத்பீஸ் மரத்தில் இருந்தது. மரம் ஈரத்தில் ஊறி முறுக்கும். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கடினமாக்கும் முறைக்கு நெல்சன் குட்இயர் 1851-இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் ஹார்ட் ரப்பர், எபோனைட் என்றும் சொல்வோம். தண்ணீரில் ஊறாது, அரத்துக்கு மென்மையாக இழையும், வைத்த வளைவில் நிற்கும். ஃபேசிங்கை நூலளவு துல்லியமாகச் செதுக்க இவ்வளவு தோதான பொருள் குறைவு. அது நிலைத்ததற்கு நாதத்தைவிட அந்தக் குணம்தான் காரணம் என்பது என் கருத்து.

#5 · அரம்

மவுத்பீஸ்களின் ஃபேசிங்கைத் தேய்த்துச் சரிசெய்வது என் வேலை. மாலைப்பயிற்சி, ஊதுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கண்ணால் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நுனியைப் பாருங்கள். நுனி ரெயில் (நுனியின் விளிம்பு) இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை ஒரே அகலமா? அதன் வளைவு உங்கள் ரீடின் நுனி வளைவோடு ஒத்துப்போகிறதா? ரெயில் ரொம்ப அகலமாக இருந்தால் மந்தமாகப் பேசும். ரொம்ப மெலிந்திருந்தால் சீக்கிரம் கீச்சிடும். பிறகு ஜன்னலின் (ரீட் மூடும் திறப்பு) இரண்டு பக்க ரெயில்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று தடிமன், ஒன்று மெலிவு என்றால் அது மட்டும் குற்றமில்லை, ஆனால் வளைவையும் அளக்க வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்தது டேபிள், அதாவது ரீட் உட்காரும் தட்டையான பகுதி. ஒரு சமமான கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். ஆடினால் டேபிள் மேடாக இருக்கிறது, ரீட் நிலையாக உட்காராது. நடுவில் மிக லேசான பள்ளம் இருந்தால் பயப்பட வேண்டாம், சிலர் தெரிந்தேதான் அப்படி வைக்கிறார்கள்.

நனைந்த ரீடை மாட்டி, தண்டின் பின்துளையை உள்ளங்கையால் மூடி, வாயால் காற்றை உறிஞ்சி எடுங்கள். ரீட் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு 'டப்' என்று விட்டால் சீல் நன்றாக இருக்கிறது. உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. மவுத்பீஸிலும் இருக்கலாம், ரீடின் அடிப்பக்கத்திலும் இருக்கலாம். ரீடை மாற்றிப் பார்த்தால் தெரியும். இந்தச் சோதனையில் தேறாமல் அருமையாகப் பேசும் மவுத்பீஸையும் பார்த்திருக்கிறேன், அதனால் இதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையான அளவு வேண்டுமென்றால் அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள கண்ணாடி அளவியும் ஃபீலர் தகடுகளும் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) தேவை. கண்ணாடியை ஃபேசிங்மேல் வைத்து 0.0015 அங்குலத் தகடைச் செருகினால் வளைவு தொடங்கும் இடத்தில் போய் நிற்கும். டெனரில் அது நுனியிலிருந்து 24 மில்லிமீட்டரைச் சுற்றி இருப்பது வழக்கம். தகடின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் வளைவு முழுவதும் எண்ணாகக் கிடைத்துவிடும். இடது ரெயிலும் வலது ரெயிலும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதுதான் இதில் உயிரான கேள்வி. அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் கீச்சு, எதிர்ப்பு, "என்ன ரீட் வைத்தாலும் சரிப்படவில்லை" என்ற புலம்பல் எல்லாம் அங்கேதான் பிறக்கும்.

பக்கத்தில் பொறித்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிங்க் கணக்கில் 7 என்றால் 0.100 அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர். 7* என்றால் 0.105, அதாவது 2.67. வித்தியாசம் 0.13 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு கணக்கு. செல்மர் சி*, டி, இ என்று எழுத்தில் சொல்கிறது. வான்டோரன் T5, T6, T7 என்று போகிறது. ஒருவருடைய 7 இன்னொருவருடைய 7 அல்ல. பொறித்த எண்ணும் அளந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

#6 · மாலைப்பயிற்சி

எல்லோருக்கும் நன்றி. அரம் அண்ணா சொன்னபடி பார்த்தேன். டேபிள் ஆடவில்லை. நுனி ரெயில் ஒரே அகலம், பார்க்கவே அழகாக இருக்கிறது. உறிஞ்சும் சோதனையில் என் பழைய ரீட் உடனே விட்டது, புது ரீட் நன்றாகப் பிடித்து நின்றது. ரீட்பெட்டி சொன்னது அப்படியே. அரை நம்பர் கீழே இறங்கியதும் அந்த அடைத்த உணர்வு போய்விட்டது. ஃபீலர் தகடு என்னிடம் இல்லை.

சுருதிதான் இன்னும் குழப்பம். கார்க்கின் முடிவுவரை தள்ளினால் நடு ஸ்தாயி சரியாக நிற்கிறது. இவ்வளவு உள்ளே தள்ளுவது இயல்பா? தண்டின் துளையும் என் மெட்டலைவிடக் கொஞ்சம் அகலம், மவுத்பீஸ் லேசாக ஆடுகிறது.

#7 · காற்றுத்தூண்

பெரிய சேம்பர் என்றால் உள்ளே தள்ளுவது இயல்புதான். காரணம் இது.

சாக்ஸபோன் ஒரு கூம்பு, நுனி வெட்டப்பட்ட கூம்பு. வெட்டிய அந்த நுனியின் கொள்ளளவை மவுத்பீஸின் உள்வெளி ஈடுகட்ட வேண்டும். ரீடின் வளைவும் அதில் ஒரு பங்கைச் சேர்க்கும். சேம்பர் பெரிதானால் கொள்ளளவு கூடும், அதைக் குறைக்க நெக் இன்னும் உள்ளே வர வேண்டும். சிறிய சேம்பரும் உயர்ந்த பேஃபிளும் இருந்தால் வெளியே இழுக்க வேண்டும். கொள்ளளவு தேவைக்கு மேல் இருந்தால் மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயியைவிட இறங்கும், ஆக்டேவ் (ஒரு சுரத்துக்கும் அதன் மேல்ஸ்தாயிச் சுரத்துக்கும் உள்ள இடைவெளி) குறுகும். தேவைக்குக் கீழே இருந்தால் மேல்ஸ்தாயி ஏறும், ஆக்டேவ் அகலும். அதனால் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ட்யூனரில் சரி பார்த்துவிட்டுச் சுருதி சேர்ந்தது என்று இருக்காதீர்கள். கீழ் ஜி-யை ஊதி மேல் ஜி-யோடு ஒப்பிடுங்கள், டி-யை டி-யோடு ஒப்பிடுங்கள். ஆக்டேவ்கள் ஒத்துப்போகும் இடம் கார்க்கில் ஒன்று இருக்கும். அங்கே மொத்தச் சுருதியும் சரியாக நின்றால் மவுத்பீஸ் உங்கள் கருவிக்குப் பொருந்துகிறது. இரண்டும் வேறுவேறு இடத்தில் நின்றால், நாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

உங்கள் வாய் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு வழி. மவுத்பீஸை மட்டும் தனியே ஊதுங்கள். டெனரில் கான்சர்ட் ஜி-யை (பியானோவில் ஒலிக்கும் ஜி) சுற்றி வர வேண்டும் என்பது பரவலான பாடம். நெக்கோடு சேர்த்து ஊதினால் கான்சர்ட் இ. ஜாஸ் ஊதுகிறவர்களில் பலர் அதைவிடச் சற்றுக் கீழே நிற்பார்கள், அது பரவாயில்லை. ரொம்ப மேலே நின்றால் கடிக்கிறீர்கள். தடித்த அலகில் பிடி கிடைக்காமல் கடிக்கத் தொடங்குவது எல்லோருக்கும் நடப்பது. பாம் கீ மெலிவதற்குக்கூட அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆடுவதை அப்படியே விடாதீர்கள். கார்க்மேல் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று போதும், பிறகு கழற்றிவிடலாம். இன்னொருவருடைய மவுத்பீஸுக்காக உங்கள் கார்க்கையே மாற்ற வேண்டாம். எதிர்ப்பக்கப் பிரச்சினைதான் ஆபத்து: இறுக்கமான கார்க்கில் ரப்பர் தண்டை முறுக்கித் திணித்தால் விரிசல் விடும். கார்க் கிரீஸ் தாராளமாகப் போடுங்கள்.

#8 · கீழ்ஸ்தாயி

என்ன ஊதிச் சோதிப்பது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. என் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறேன். வேகமான ஸ்கேலும் தெரிந்த சோலோவும் வேண்டவே வேண்டாம். விரல் ஓடும்போது காது தூங்கிவிடும். சத்தமாக ஊதினால் எல்லா மவுத்பீஸும் நல்ல மவுத்பீஸ்தான்.

மெதுவாக ஊதுங்கள். கீழ் பி ஃபிளாட்டை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள், நாக்கு படாமல், மூச்சில் மட்டும். ரீட் எந்த இடத்தில் பேச ஆரம்பிக்கிறது? காற்றுச் சீறலிலிருந்து சுரமாக மாறும் எல்லை வழவழப்பாக இருக்கிறதா, குதிக்கிறதா? அதே சுரத்தைச் சப்டோனில் (மூச்சு கலந்த மெல்லிய நாதம்) ஊதிப் பாருங்கள். தாடையைப் பின்னுக்கு இழுத்து, உதட்டைத் தளர்த்தி. நல்ல பெரிய சேம்பர் மவுத்பீஸில் அந்தப் பஞ்சு போன்ற நாதம் தன்னால் விரியும். பிறகு கீழ் சி-யில் நாக்கால் குட்டையாகக் கொத்துங்கள். ஒவ்வொரு முறையும் சுரம் உடனே நிற்க வேண்டும், மேல் ஆக்டேவுக்குத் தாவக் கூடாது.

நடு டி எல்லா டெனரிலும் தொல்லை பிடித்த சுரம். சி ஷார்ப்பிலிருந்து டி-க்குப் போகும்போது நாதம் எவ்வளவு மாறுகிறது என்று கேளுங்கள். சி ஷார்ப் திறந்த குழாய், மெலிவு. டி மூடிய குழாய், அடைப்பு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை ஒரு மவுத்பீஸ் குறைத்துக் கொடுத்தால் அதற்கு நான் நிறைய மன்னிப்பேன்.

அடுத்து ஓவர்டோன். கீழ் பி ஃபிளாட்டில் விரலை வைத்துக்கொண்டு மேலே மேலே ஏறுங்கள். எங்கே வழுக்குகிறது, எங்கே பூட்டுகிறது என்பதில் ஃபேசிங் வளைவின் குணம் தெரிந்துவிடும்.

காதைப் பற்றியும் ஒன்று. நமக்குள் கேட்பதில் ஒரு பங்கு பல் வழியாக எலும்பில் ஏறி வருவது. எதிரே இருப்பவருக்கு அது கிடையாது. மெட்டலிலிருந்து ரப்பருக்கு மாறும்போது முதலில் மாறுவது அந்த உள்சத்தம்தான், "மூடிய மாதிரி" என்ற உணர்வு அங்கிருந்து வரலாம். ஒரு வெறும் சுவருக்கு எதிரே நின்று ஊதுங்கள், திரும்பி வருவதைக் கேளுங்கள். பிறகு பதிவு செய்யுங்கள். ஃபோனைக் கருவியின் வாயருகே வைக்க வேண்டாம், சில மீட்டர் தள்ளி, இரண்டு மவுத்பீஸுக்கும் அதே இடத்தில் வையுங்கள். ஃபோன் தானாகவே சத்தத்தைச் சமன் செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மெலிவும் கனமும் ஒன்றாகிவிடும். எது எது என்று தெரியாதபடி வேறு யாராவது உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும்.

#9 · பித்தளைவளைவு

காற்றுத்தூண் சொன்ன உள்வடிவ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், பெர்க் லார்சன் உதாரணம் சரியானதுதான். ஆனால் கீழ்ஸ்தாயி சொல்லும் சோதனை எல்லாம் அமைதியான அறைக்குள் நடக்கிறது. அங்கே அகலமாக, செழிப்பாகக் கேட்கும் நாதம் டிரம்ஸ் ஆரம்பித்ததும் காணாமல் போகும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. அங்கே ஓவர்டோன் இல்லாவிட்டால் எவ்வளவு ஊதினாலும் சிம்பலுக்கும் கிட்டாருக்கும் கீழே புதைந்துவிடுவீர்கள். புதைந்ததும் என்ன செய்வோம்? அழுத்துவோம், கடிப்போம், சுருதி ஏறும், உதடு வலிக்கும்.

மாலைப்பயிற்சி, அதைக் குழுவோடு ஊதாமல் முடிவெடுக்காதீர்கள். உங்கள் கருவியை மைக் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருவர் கேட்கட்டும்.

#10 · கீழ்ஸ்தாயி

சார் சொல்வது நியாயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அறையில் தேறாததைக் குழுவுக்கு எடுத்துப் போக வேண்டாம். சீறலும் கீச்சும் அங்கே மறைந்துவிடும், பிறகு பதிவு செய்யும்போதுதான் தலைகாட்டும்.

#11 · நாணல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் டெனர் கற்கத் தொடங்கியவன். கருவியோடு வந்த பிளாஸ்டிக் மவுத்பீஸில் ஊதுகிறேன். இதைப் படித்ததும் எனக்கும் ஒரு ஹார்ட் ரப்பர் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 7* எடுக்கலாமா? இன்னொருவர் ஊதியதை நான் ஊதிப் பார்ப்பது என்றால் வெந்நீரில் கழுவினால் போதுமா?

#12 · அரம்

தம்பி, வெந்நீர் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். ஹார்ட் ரப்பரின் முதல் எதிரி அதுதான். சூட்டில் கந்தகம் மேலே வந்து நிறம் பச்சையாக, பழுப்பாக மாறும், நாறும். சூடு கூடினால் ஃபேசிங்கே நெளிந்துவிடும், அப்புறம் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வர வேண்டும். சாதாரணத் தண்ணீர், மிதமான சோப்பு, மென்மையான துணி, அவ்வளவுதான். பிரஷ்ஷை நுனி ரெயிலில் போட்டு உரசாதீர்கள். வெயிலில், மூடிய காரில் வைக்காதீர்கள். வெளிச்சமும் மெதுவாக இதே வேலையைச் செய்யும். பழைய மவுத்பீஸ்கள் பச்சை பூத்திருப்பது அதனால்தான். நிறம் மாறியதாலேயே அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஃபேசிங் நேராக இருந்தால் நன்றாகவே பேசும்.

விற்பவர் ஹார்ட் ரப்பர் என்று சொல்வது உண்மைதானா என்று பார்க்க, தண்டுப் பக்கத்தைத் துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ரப்பர் என்றால் லேசான கந்தக வாசனை வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

7* இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. லிங்க் கணக்கில் 5, 5* பக்கம், அதாவது 0.080, 0.085 அங்குலம். அல்லது செல்மர் சி*. சின்ன டிப்பில் நீண்ட சுரத்தை ஆடாமல் பிடிக்கப் பழகுங்கள். மூச்சும் உதடும் வளர்ந்த பிறகு பெரிய டிப் தானாகவே கைக்கு வரும். பிளாஸ்டிக் என்பதற்காக இப்போதுள்ளதைத் தாழ்வாக நினைக்கவும் வேண்டாம், ஃபேசிங் நன்றாக இருந்தால் அதுவும் நல்ல மவுத்பீஸ்தான்.

#13 · மாலைப்பயிற்சி

சோதித்துப் பார்த்த விவரம். அந்த ரப்பரை வைத்தே ஊதினேன், மெட்டலை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு. மாறி மாறி ஊதினால் வாய் எதற்கும் பழகவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

சுருதி: காற்றுத்தூண் சொன்ன ஆக்டேவ் சோதனையைச் செய்தேன். டேப் சுற்றி, நன்றாக உள்ளே தள்ளிய இடத்தில் ஜி-யும் டி-யும் ஆக்டேவில் அருமையாக ஒத்துப்போகின்றன, மொத்தச் சுருதியும் அங்கேயே நிற்கிறது. மெட்டலில் எனக்கு மேல் ஏ எப்போதும் ஏறி நிற்கும், அதை உதட்டால் இறக்கிக்கொண்டே இருப்பேன். இதில் அந்த வேலை இல்லை. இது நான் எதிர்பார்க்காதது, பெரிய நிம்மதியும்கூட.

பாம் கீ: மவுத்பீஸை மட்டும் ஊதினால் ஜி-க்கு மேலே நின்றது. தடித்த அலகில் குறைவாக வாயில் எடுத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். மெல்லிய தாளை ரீடுக்கும் ஃபேசிங்குக்கும் இடையே செருகி, அது நிற்கும் இடத்தைப் பார்த்து, கீழுதட்டை அதன் அருகே கொண்டுபோனேன். கூடுதலாக எடுத்ததும் மேல் சுரங்கள் விரிந்தன. மெட்டலின் கூர்மை இல்லை, ஆனால் மெலிவு போய்விட்டது.

பதிவு: பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டச் சொன்னேன். நடு ஸ்தாயியில் எது எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊதும்போது அவ்வளவு "மூடிய" மாதிரி கேட்டது, பதிவில் அப்படிக் கேட்கவே இல்லை. கீழே பி ஃபிளாட்டில் மட்டும் சந்தேகமே இல்லாமல் ரப்பரைக் கண்டுபிடித்தேன்.

குழுவோடு: பித்தளைவளைவு சார் சொன்னது பலித்தது. வேகமான, சத்தமான பாடல்களில் கடைசி வரிசையில் இருந்தவர் "இருக்கிறது என்று தெரிகிறது, என்ன ஊதுகிறீர்கள் என்று தெரியவில்லை" என்றார். பியானோவும் பேஸும் மட்டும் இருந்த பாடலில் அதே ஆள் எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்.

வைத்துக்கொள்கிறேன். கொடுத்தவரிடமும் சொல்லிவிட்டேன்.

#14 · பித்தளைவளைவு

அப்படியானால் சத்தமான பாடல்களுக்கு மெட்டலா? மாறி மாறி ஊதினால் வாய் பழகாது என்று நீங்களே சொல்கிறீர்களே.

#15 · மாலைப்பயிற்சி

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் சார். ஒரே நிகழ்ச்சியில் மாற்றப் போவதில்லை. சத்தமான பாடல்களுக்கு முதலில் மைக்கை முயற்சி செய்கிறேன். ரப்பரின் நாதம் மைக்கில் நன்றாக உட்காருகிறது, கருவியின் விரிந்த வாய்க்கு மிக அருகே வைக்காமல் நடுக் கீகளைப் பார்த்தபடி வைத்தால். அது போதாவிட்டால் அரம் அண்ணாவிடம் ஒரு கேள்வி: இருக்கும் பேஃபிளைக் கெடுக்காமல், திரும்ப எடுக்கக்கூடிய மாதிரி ஏதாவது ஒட்டி உயர்த்திப் பார்க்க வழி உண்டா?

#16 · அரம்

உண்டு. நீல நிறத்தில் வரும், பிசையக்கூடிய ஒட்டுப் பசையை அரிசியளவு எடுத்து, நுனி ரெயிலுக்குப் பின்னால் சற்று இடம் விட்டு, பேஃபிள்மேல் மெல்லியதாகப் பரப்புங்கள். ரெயிலில் படக் கூடாது, பின்பக்கம் வழவழப்பாகச் சரிந்து இறங்க வேண்டும். நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது பிய்ந்து வரக் கூடாது. கொள்ளளவு குறைவதால் மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டிவரும், ஆக்டேவைத் திரும்பப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் விரலால் உருட்டி எடுத்துவிடலாம், ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. பிடித்துவிட்டால் அதே வடிவத்தை நிலையாகச் செய்யலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். சில நிகழ்ச்சிகள் ஒட்டிய பசையோடே ஊதிவிட்டுச் சொல்லுங்கள்.